தங்கமான மனிதர்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். மீதியைப் படிக்கும் முன் ஒன்று செய். குழந்தையை இனி ஓவிய வகுப்புக்கு அனுப்பாதே. பள்ளி விட்டதும் நீயே போய் வாசலில் நின்று கூட்டி வந்துவிடு.

உன் கடிதம் இன்று காலை வந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடிதான் பிரித்தேன். புதிதாக வந்த ஓவிய ஆசிரியர் நம் அமுக்குணியைப் போட்டிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார், எல்லோரும் போன பிறகும் தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார், இவ்வளவு அமைதியான பிள்ளையைப் பார்த்ததே இல்லை என்கிறார் என்று பக்கம் நிறைய எழுதியிருந்தாய். முதலிலிருந்து மறுபடி படித்தேன். டீ ஆறி ஆடை படிந்து கிடந்தது.

அந்த ஆளை அங்கே அனுப்பியதே நான்தானம்மா. குழந்தையை நீ வேறு பள்ளிக்கு மாற்றியதை அம்மா என்னிடம் சொன்னாளாம். நான் சங்கத் தேர்தல் வேலையில் இருந்தேன், காதில் வாங்கவில்லை. இப்போது அம்மாவிடம் எரிந்து விழுந்து என்ன பயன்?

ஆசிரியர் சங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் மேல் புகார் வந்தால் வெளியே விடமாட்டோம், நாங்களே விசாரிப்போம். அதுவும் அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டுதான். முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது என்று பெரியவர்கள் போட்ட விதி. அந்த ஆள் மேல் புகார் சொன்னது ஆறாம் வகுப்புப் பெண். அவள் அம்மா தையல் கடையில் பட்டன் தைப்பவள். கணக்கு டீச்சர்தான் இருவரையும் கூட்டி வந்தாள். அம்மாக்காரி அழுது காரியத்தைக் கெடுப்பாள் என்று வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டோம். உள்ளே மேசையைச் சுற்றி நாங்கள், ஓரத்தில் அந்தப் பெண், அவளுக்கு நேர் எதிரே அவர். நான் தன்மையாகத்தான் கேட்டேன். “பயப்படாம சொல்லும்மா, சார் உன்ன என்ன பண்ணாரு” என்றேன். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் கொடுத்தோம், தொடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, “சொல்லு கண்ணு, சார் உன்ன ஏதாச்சும் பண்ணேனா” என்றார். உட்கார்ந்த இடத்திலேயே அவளுக்குச் சிறுநீர் போய்விட்டது. பியூனைக் கூப்பிட்டுத் துடைக்கச் சொன்னோம். உண்மையாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்க மாட்டாளா என்றார் தலைவர். நானும் தலையாட்டினேன். புகாருக்கு ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டோம்.

நாங்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. நம் ஊரில் பேச்சு கிளம்பக்கூடாது என்று அவருக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வழியனுப்புக் கூட்டம் போட்டு சுவர்க்கடிகாரம் பரிசளித்து, குரூப் போட்டோவும் எடுத்துக்கொண்டோம். ஆள் எப்படி என்று உங்கள் ஊர்க் கிளைச் செயலாளர் போனில் கேட்டார். தங்கமான மனிதர் என்றேன். அதையே நற்சான்றாக எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதை நம்பித்தான் ஓவிய அறைச் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கணக்கு டீச்சரைச் சங்கத்தை விட்டு நீக்கிவிட்டோம். சொந்த ஆட்களையே காட்டிக் கொடுக்கிறவளோடு யார் பழகுவார்கள்? மதியம் தனியாகத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எல்லாக் கணக்கும் போடத் தெரிந்தவளுக்கு நாலு பேரோடு ஒத்துப்போகத் தெரியவில்லையே என்று கூட்டத்தில் நான்தான் கிண்டல் செய்தேன். நன்றாகச் சிரித்தார்கள்.

உன் அண்ணியிடம் இன்று விஷயத்தைச் சொன்னேன். சாதத்தைப் போட்டுவிட்டு, “அந்தப் பொண்ணும் யாரோ ஒரு மாமனுக்கு மருமகதானே” என்றாள். அவளுக்கு எப்போதுமே சங்கம் என்றால் ஆகாது.

உன் கடிதத்தின் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சங்கச் செயலாளரான என் மருமகள் என்று தெரிந்துதான் இவளைத் தேர்ந்தெடுத்தாராம். எனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாராம். அவன் தைரியத்தைப் பார்த்தாயா? என்னால் வாயைத் திறக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். பாவி, என் கையாலேயே என் கண்ணைக் குத்திவிட்டான்.

நீ சண்டைக்குப் போகாதே. பெயிண்ட் பட்டால் குழந்தைக்குத் தோல் தடிக்கிறது, டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லி நிறுத்திவிடு. அவள் இடத்தில் உன் எதிர்வீட்டுப் பெண்ணைச் சேர்த்தால் சேர்த்துக்கொள்ளட்டும். அவளைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள், நீ எதுவும் சொல்லப் போகாதே. மாப்பிள்ளைக்கும் தெரியக்கூடாது. முன்கோபக்காரர், நேரே போலீசுக்குப் போய்விடுவார். போனால் என் நற்சான்று வெளியே வரும். அடுத்த மாதம் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். இத்தனை வருட உழைப்பும் மண்ணாகிவிடும்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். சாயங்காலம் போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். நீ கடைக்குப் போயிருக்கிறாய் என்றார். குழந்தை எங்கே என்று கேட்டேன். “இன்னும் வரல மச்சான், டிராயிங் கிளாஸ்ல இருக்கா” என்றார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும். அதனால்தான் இதை எழுதுகிறேன். கூரியரில் இரண்டு நாளில் வந்துவிடும் என்றார்கள். அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது.

எனக்குப் பயமாக இருக்கிறதம்மா.

என் மருமகளை இனி அமுக்குணி என்று கூப்பிடமாட்டேன். அவள் பெரிய வாயாடியாக வளர வேண்டும் என்று மாமா ஆசீர்வதித்ததாகச் சொல். மடியில் உட்கார வைத்துப் பக்குவமாகக் கேள். என்ன சொன்னாலும் நம்பு. ஒன்றும் சொல்லாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றால், அதை மட்டும் எனக்கு எழுதாதே.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்