சங்கிலி ராட்டினத்தில் ஒரு வரி

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருப்பதாக அண்ணி போனில் சொன்னார். சந்தோஷம்.

பூங்காவில் பழைய சங்கிலி ராட்டினத்துக்குப் புதுச் சாயம் அடித்து மறுபடி ஓட்டுகிறார்கள். கப்பலில் வந்திறங்கியபோது இருந்த அதே முப்பத்திரண்டு மர இருக்கைகள். பக்கத்தில் அதன் வரலாற்றை எழுதிப் பலகை வைத்திருக்கிறார்கள். முன்னாள் மேலாளர் என்று உங்கள் படமும் உண்டு. விவரமெல்லாம் நீங்கள் கொடுத்ததாம்.

போன வாரம் இவர் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிப்போனேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ‘அறுபது ஆண்டுகளில் ஒரே ஒரு விபத்து, காரணம், ஃபிட்டரின் கவனக்குறைவு’ என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற ஒருவர், “எவனோ குடிச்சிட்டு வேலை பார்த்திருப்பான்” என்றார். இவர், “இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

கொக்கி தேய்ந்திருக்கிறது, ராட்டினத்தை நிறுத்துங்கள் என்று அன்று இவர் உங்களிடம் எழுதிக் கொடுத்தார். “லீவு முடியட்டும் மாப்ளே, கூட்டத்தைப் பாரு” என்றீர்கள். நாலாம் நாள் சங்கிலி கழன்றது. விழுந்த தையல்காரப் பெண் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. விசாரணையில், என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றீர்கள். அதோடு இவர் வேலை போயிற்று. ஒரு திருகாணி முடுக்கக்கூட இவரை யாரும் கூப்பிடவில்லை.

“கையில தொழில் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிக்கோ” என்று கட்டிவைத்தவர் நீங்கள். நானும் நன்றாகவே மூடிக்கொண்டேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கிய அந்தக் கடிதத்தின் நகல் தொலைந்துவிட்டது என்று விசாரணையின்போது இவரிடம் சொன்னேன். தொலையவில்லை. பதினெட்டு வருடமாக என் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. கூடப்பிறந்தவர் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாதே என்று கட்டினவரைக் காவு கொடுத்தேன்.

பலகையைப் படித்துவிட்டு வந்ததும் அதை எடுத்து இவர் முன்னால் வைத்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “அங்கதான் இருக்குன்னு தெரியும். நீயா எடுப்பேன்னு பார்த்தேன்” என்றார். அதற்கப்புறம் என்னிடம் தண்ணீர்கூடக் கேட்பதில்லை. தானே எழுந்து போய்க் குடிக்கிறார்.

நகலை நான் யாரிடமும் கொண்டுபோகவில்லை. அந்த வரியை மாற்றச் சொல்லி உங்கள் கையால் பூங்காவுக்கு எழுதுங்கள் அண்ணா. இவருக்கு ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. இன்னொன்று இருக்கும்போதே எழுதுங்கள்.

நீங்களும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஃபிட்டரின் மனைவி