முதல் இழுப்பில் வராத பலம்

அன்புள்ள பொன்ராஜுக்கு,

தினம் போனில் பேசிவிட்டு காகிதத்திலும் எழுதித் தொந்தரவு செய்கிறேன், மன்னித்துக்கொள். போனில் பேசும்போது உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், எனக்கு வாய் வருவதில்லை. லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் கூட்டாளி பிராங்கிளின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நானும் உன் தங்கை ரேகாவும் சுகம், அவளுக்கு மாத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. நைனாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை.

அவருக்கு வந்திருப்பது நரம்பு வியாதியாம். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். நரம்பு முனையில் சின்னச் சின்னப் பைகளில் ஒரு ரசாயனம் இருக்கிறது, மூளை கையை அசைக்கச் சொன்னதும் கால்சியம் உள்ளே வர வேண்டும், பையின் மேலிருக்கும் ஒரு புரதம் அதை உணர்ந்தால்தான் பை திறந்து ரசாயனம் தசைக்குப் போகும். நைனாவுக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கால்சியம் வரும் வழியை அடைக்கிறது. புரதத்தில் பழுதில்லை, ஆனால் அதற்குப் போதுமான கால்சியம் வந்து சேர்வதில்லை. திரும்பத் திரும்ப இழுத்தால் கால்சியம் சேர்ந்து கொஞ்ச நேரம் பலம் வருமாம்.

படகில் நடந்ததும் இதுதான். முதல் இழுப்பில் வலைக்கயிறு அவர் கையில் நிற்காது, பத்து இழுப்புக்குப் பிறகு மற்றவர்களுக்குச் சமமாக இழுப்பார். இன்னா மாமு, நேத்து ஏத்துனது இப்பத்தான் எறங்குதா என்று அருள்பிரகாசம் மாமா கேலி செய்து, கயிற்றை வாங்கிக்கொண்டு தண்ணீர் இறைக்க உட்கார வைத்தார். வாய் வறண்டதும் கால் தள்ளாடியதும் காத்திவாக்கம் ஊருக்கே குடியாகத்தான் தெரிந்தது. கிளம்பும் அன்று நீயும், குடிச்சிட்டு நடிச்சிகினு கீற என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் தடுக்கவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு பரீட்சை எழுதி, குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான், டியூஷனில் இந்த நரம்புப் பாடத்தை நடத்துகிறவள். அவர் தூங்கும்போது வாயை முகர்ந்தும் பார்த்திருக்கிறேன், வாடையே இல்லை. இருந்தும் ஊர் சொன்னதைத்தான் நம்பினேன். விஷயம் தெரிந்து மாமா வாசலில் நின்று அழுதார். வுடு மாமு, நானே சோம்பேறி ஆயிட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன் என்றார் நைனா.

இந்த வியாதியில் தொங்கிப்போயிருந்த இமை மாத்திரையில் கொஞ்சம் தூக்கி நிற்கிறது. ஆனால் நெஞ்சு ஸ்கேனில் ஒரு கட்டி தெரிகிறது, இந்த வியாதி பல பேருக்கு அதனால்தான் வருமாம். அடுத்த வாரம் சதை எடுத்துப் பார்க்கிறார்கள். நீ சிகரெட் பக்கம் போகாதே, வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. கடலம்மா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
மங்கம்மா

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, கேட்டுவிடுகிறேன். போன மாசியிலிருந்து நீ என்னிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால், அடுத்த முறை போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, நீ குடிக்கல நைனா என்று உன் வாயால் ஒரு தடவை சொல்லிவிடு.