காரைக்காலில் ஒரு நகரிக் குரல்

என்னங்க,

காரைக்காலுக்கு நல்லபடியாக வந்துவிட்டேன். மகளின் பழைய காலேஜ் பை முதுகில் கனக்கவே இல்லை.

லாட்ஜில் ரூம் கேட்டதும் மேனேஜர் பதறி எழுந்துவிட்டார். "மெதுவா பேசுங்கம்மா, ஏன் சண்டைக்கு வர்றீங்க?"

"சண்டை இல்ல நைனா. நாங்க நகரியில விசைத்தறி ஓட்டிக்கினே பேசறவங்க, எங்க பேச்சே இப்படித்தான்," என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

பிறகு ஊரெல்லாம் நடந்தேன். கடைத்தெருவில் வழி கேட்டால் தெருவே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று, வறுத்த நெத்திலி வாங்கித் தின்றுகொண்டே கடற்கரைக்குப் போனேன்.

அங்கே அலைகளுக்கு நாற்பது தறி ஒன்றாக ஓடுகிற இரைச்சல். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் பேசினேன். அவளும் என்னைப் போலவே கத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாகத் தறி ஓடும்போது நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். கரண்டு போனால்தான் இருவருக்கும் வாய் அடைத்துவிடும். தனியாக ஊர் சுற்றப் போகிறேன் என்று அப்படி ஒரு நேரத்தில் சொன்னது என் தப்பு. நீங்கள் தலை நிமிராமல் அறுந்த இழையை முடிந்துகொண்டே இருந்தீர்கள்.

நாளைக் காலை பஸ் ஏறுங்கள். கரண்டு போனாலும் இங்கே சத்தம் நிற்காது.

உங்கள் பக்கத்துத் தறிக்காரி