காயலான் கடைக்குப் போன கார்

என் கறார் அம்மணிக்கு,

நேற்று காலை போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். போன வாரம் ஒரு பெரியவரை இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டியில் நம் பழைய காரின் நம்பர் பிளேட் இருந்ததாம்.

"அதை அப்பவே காயலான் கடையில போட்டாச்சு சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. பேப்பர் இருக்கா?"

நீ பத்திரப்படுத்திய உறையை எடுத்துக் கொடுத்தேன். வண்டியை உடைத்ததற்கான சான்றிதழும் பதிவை ரத்து செய்த கடிதமும் அதில் இருந்தன.

"இது இல்லேன்னா இன்னைக்கும் நீங்கதான் ஓனர். பிழைச்சீங்க" என்றார்.

பிளேட்டை எவனோ கடையிலிருந்து கழற்றிப் போயிருக்கிறான். பெரியவருக்குக் கையில் அடி மட்டும்தானாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்தக் காகிதங்களுக்காக நீ மூன்று முறை என்னை அலையவிட்டபோது, "ஓட்டை வண்டிக்கு இவ்வளவு அலப்பறையா?" என்று கத்தினேன். அதற்குமேல் பேசி உன்னை அம்மா வீட்டுக்குப் போக வைத்ததை எழுதக் கை வரவில்லை.

அத்தை சுகமா? நேற்று மதியம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன், நீ போன பிறகு முதல் தடவையாக.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு, பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வீட்டுக்கு நடந்துதான் வர வேண்டும். பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னால் தப்பித்தவன்