அண்ணி கேட்ட ஒரு முட்டை

அண்ணி,

பக்கத்து வீட்டு அம்மியில் கீழாநெல்லி அரைக்கிறார்கள். அந்தப் பச்சை வாசனை வந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலாம் வகுப்பைத் தாண்டாத நாத்தனார் கடிதம் எழுதுகிறாளே என்று சிரியுங்கள், பரவாயில்லை. நாம் சிரித்ததுதானே அதிகம்.

எண்பத்து நாலில் உங்கள் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அண்ணனுக்கு அரியமங்கலம் பட்டறையில் லீவு கிடைக்காது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு நான்தான் உங்களைக் கூட்டிப்போனேன். "அண்ணனைவிட இந்த மிஷின்தான் உங்களை இறுக்கிப் புடிச்சிருக்கு" என்பேன். "உனக்கென்னடி பொறாமை?" என்பீர்கள்.

சில மாதத்தில் உங்கள் கண் மஞ்சளாயிற்று. டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "இது ரத்தம் வழியா தொத்துற காமாலைங்க. பத்தியமெல்லாம் வேண்டாம். மிஷின்ல வேற சத்து போகுது. தினம் ரெண்டு முட்டை வெள்ளைக்கரு குடுங்க, கொஞ்சம் மீனும் குடுங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். காமாலைக்கு யாராவது முட்டை கொடுப்பார்களா? எங்கள் வீட்டில் காமாலை என்றால் மோரில் கீழாநெல்லி, அப்புறம் வெறும் கஞ்சி. என் வீட்டிலிருந்து தூக்குவாளியில் உங்களுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். உங்களுக்கென்று அண்ணன் வாங்கிவந்த முட்டையை அவித்து என் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்.

ஒருநாள் தூக்குவாளியைத் திறந்து பார்த்தீர்கள். "இன்னைக்கும் கஞ்சியா? ஒரே ஒரு முட்டை குடேன்டி, பசிக்குது."

"வாயைப் பாருங்க அண்ணிக்கு! மொதல்ல கண்ணு வெளுக்கட்டும், கோழியையே கூட்டிட்டு வரேன்."

சிரித்தீர்கள். அப்புறம் கேட்கவேயில்லை.

கை குச்சியாகிவிட்டது. டாக்டரம்மா அண்ணனை வரவழைத்து, "முட்டை சாப்பிடுறாங்களா, இல்லையா?" என்று அதட்டினார். நீங்கள்தான் முந்திக்கொண்டீர்கள். "இவ கொண்டுவந்துட்டுத்தாங்க இருக்கா. எனக்குத்தான் குமட்டுது, திருப்பி அனுப்பிடுறேன்."

மறுநாளே முட்டை கொண்டுவந்தேன். அப்போது நிஜமாகவே உங்களால் விழுங்க முடியவில்லை. மூன்றாம் வாரம் போய்விட்டீர்கள்.

ஒழுங்காகக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. டாக்டரம்மாவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. பசியோடு மட்டும் போயிருக்க மாட்டீர்கள்.

வருஷா வருஷம் உங்கள் திதிக்கு வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன், "அவளுக்கு முட்டைன்னாலே ஆகாது, என்ன செய்யறது?" என்கிறார். அவர்கள் என்னைப் பார்த்து, "நீ எவ்வளவோ பாத்தேம்மா" என்கிறார்கள். நான் தலை நிமிராமல் அடுத்த இலைக்குப் பரிமாறப் போகிறேன்.