மேசைக்கடியில் ஒரு குகை

அன்பு மகளுக்கு,

நீ சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் எழுதுகிறேன். நாங்களும் சௌக்கியம், உன் அம்மாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர. இரண்டும் அடங்குவதாக இல்லை. போன ஞாயிறு நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஓவிய வரலாறு எதற்கு, எழுத்தும் எண்ணும் போதாதா என்று பெற்றோர் சிலர் கேட்டார்களாம், பள்ளி நிர்வாகத்தார் உன் வகுப்பைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்களாம், அதற்குமுன் நீயே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறாயாம். உன் சித்தப்பன் காதில் விழுந்தால் கொண்டாடிவிடுவான். நீ ஓவிய வரலாறு படிக்கச் சேர்ந்தபோது, "படம் பாக்கறதுக்கு ஒரு படிப்பாண்ணா?" என்று கல்யாண வீட்டில் அத்தனை பேர் நடுவே சிரித்தவன் அவன். நான் மறக்கவில்லை, மறப்பதாகவும் இல்லை.

இங்கே நடந்ததைக் கேள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் லீவு. எனக்கு வரவேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே எங்கள் தலைமையாசிரியர், அவர் பெரிய வகுப்புகளுக்கு வரலாறு நடத்தும் என்னைக் கூப்பிட்டு, "சார், சின்னப் பசங்களைக் கொஞ்சம் மேய்ங்களேன்" என்றார். மட்டம் தட்டத்தான், தெரியாதா எனக்கு? பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். போன இடத்தில், உன் வகுப்பில் மேசைக்கடியில் கட்டுவதாக நீ சொன்ன குகை ஞாபகம் வந்தது. மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அடிப்பக்கம் பழுப்புத்தாள் ஒட்டி, மேலே மேடைத்திரையைப் போர்த்தி, ஒரு டார்ச்சும் கரித்துண்டுகளும் கொடுத்து உள்ளே அனுப்பினேன். எழுத்தே பிறக்காத காலம் இது, இன்று நீங்கள் பார்த்த மிருகத்தை நாளைக்கு வருகிறவனுக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று உன்னைப் போலவே கேட்டேன். ஒரு வாண்டு மல்லாந்து படுத்து நாய்க்கு எட்டுக் கால் போட்டாள். ஏனம்மா என்றேன். "நாலு காலு நிக்கிற நாய்க்கு சார். இது ஓடுது" என்றாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குகை மனிதன் வரைந்த எட்டுக்கால் காட்டெருமையின் படத்தை நீ அனுப்பியிருந்தாயே, அதை இந்தக் குழந்தை பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் வந்து, "கிளாஸே காலியா இருக்கு, பசங்க எங்க?" என்று சத்தம் போட்டார். "கத்தாதீங்க, நாய் பயந்துடும்" என்று மேசைக்கடியிலிருந்து பதில் வந்தது. மனிதர் குனிந்தார், தவழ்ந்தார், உள்ளே போனவர் மணியடித்த பிறகுதான் வெளியே வந்தார். நெற்றியெல்லாம் கரி. "யாரோட ஐடியா சார் இது?" என்று கேட்டார். என் மகளுடையது என்றேன். அவர் முகத்தைப் பார்த்து நான் நிமிர்ந்து சொன்ன ஒரே பதில் அதுதான். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே.

ஆகவே நீ நிறுத்தக் கூடாது. நிர்வாகத்தார் வரும்போது அவர்களுக்கு நாற்காலி போடாதே. தவழ்ந்து உள்ளே வரச் சொல். வாசலில் நின்று பார்க்கிறவனுக்கு அது வெறும் மேசைதான். உன் சித்தப்பன் ஆயுசு முழுக்க வாசலிலேயே நின்றவன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, அம்மாவுக்குப் போன் செய். எல்லாம் உனக்கு நல்லபடியாக அமையும், என் மனசு சொல்கிறது. இதோடு ஒரு பழுப்புத்தாள் வைத்திருக்கிறேன். குகை மனிதர்கள் பாறையில் விட்டுப்போன கைத்தடம் போல, என் கையை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் சுற்றிலும் கரி பூசிவிட்டார்கள். உன் குகையில் ஒட்டிவை. எந்தக் காலத்து மனிதன் என்று உன் பிள்ளைகளே சொல்லட்டும்.

கரி இன்னும் போகாத கையால்,
உன் அப்பா