சோலார் கூரையில் ஏறச் சொன்னது நான்

ஆம்பூர்
மார்ச் 14

என் அன்பு மகன் ஜீவாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் மூவரும் சுகம், குஜராத்தில் அந்தக் கட்ச் காற்றாலையில், காற்றிலும் வெயிலிலும் உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் கம்மியாகியிருக்கிறது, ரோஷினிக்குக் காலேஜில் பரீட்சை நடக்கிறது. போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமையாகச் சொல்ல முயன்றேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் சிநேகிதன் தவ்ஃபீக் கம்பெனிக் கூரையிலிருந்து விழுந்தது பற்றித்தான். யார் பேச்சையும் கேட்காமல் அவனே ஏறிவிட்டான் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். நான்தான் ஏறச் சொன்னேன். எங்கள் ஷூ கம்பெனி கூரை முழுக்க சோலார் பேனல் போட்டிருப்பதும், பகலில் தையல் மெஷினெல்லாம் அந்தக் கரண்டில் ஓடுவதும் உனக்குத் தெரியும். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் என்பதால் பேனல் கழுவுவது என் பொறுப்பு, தவ்ஃபீக்கும் என் கீழ்தான் வேலை. மகன் காற்றில் கரண்ட் எடுக்கிறான், அம்மா வெயிலில் எடுக்கிறாள் என்று லைனில் கேலி செய்வார்கள், எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். அன்றைக்குத் தோல் தேய்க்கும்போது பறக்கும் தூள் பேனலில் படிந்து யூனிட் குறைந்திருந்தது. மறுநாள் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது, மேனேஜர் கேட்டில் இருக்கும் யூனிட் போர்டைக் காட்டி, "இன்னாம்மா இது, இவ்ளோ கம்மியா காட்டுது" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். மேலே ஏறக் கட்டும் பெல்ட்டும் கயிறும் ஸ்டோரில், சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். தவ்ஃபீக், "பெல்ட் வந்துடட்டும் ஆன்ட்டி, பத்து நிமிஷம்தான்" என்றான். நான்தான், "ரெண்டு வரிசை தானேடா, ஜீவா எண்பது மீட்டர் ஏர்றான், உனக்கு இதுக்கே பேஜாரா" என்றேன். உன் பெயரைச் சொல்லித்தான் அவனை ஏற்றினேன் ஜீவா. பெல்ட் மாட்டாமல் நீ ஒரு படி கூட ஏறமாட்டாய் என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

வெளிச்சத்துக்காகக் கூரையில் நடுநடுவே ஃபைபர் ஷீட் போட்டிருப்பார்கள், தூசியில் அதுவும் தகரம் போலவே தெரிந்திருக்கிறது, அதில் கால் வைத்துவிட்டான், அது உடைந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். கட்டிங் ஹாலில் அடுக்கியிருந்த தோல் கட்டுகள் மேல் விழுந்ததால் உயிர் தப்பியது, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அப்படியே கிடந்துகொண்டு என்னைப் பார்த்து, "மேல பைப்பு ஓடிட்டே இருக்கு ஆன்ட்டி, தண்ணிய நிறுத்தச் சொல்லுங்க" என்றான். அப்படிப்பட்டவனைப் பற்றி மேனேஜர் எழுதித் தரச் சொன்னபோது, அனுமதி இல்லாமல் தானாகவே ஏறினார் என்று இந்தக் கையால்தான் எழுதினேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. உன்னிடமும் அதையே சொன்னேன், நீ கோபத்தில் அவனுக்கு, அறிவில்லையா, உன்னைத் தோஸ்த் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பினாய். அவன் பதில் போடவில்லை என்று நீயே சொன்னாய்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது அவன் அம்மா குர்ஷித் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள சொன்ன பேச்சு கேக்காம உனக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டான் ஹெலன், மன்னிச்சிடு" என்று அழுதாள். அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் டீ வாங்கப் போனதும், ஏண்டா உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஜீவாவோட அம்மா. நான் எப்டி ஆன்ட்டி சொல்வேன்" என்றான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. குர்ஷித் டீயோடு வந்ததும் அவளிடம் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீ போ ஹெலன்" என்றாள், அவ்வளவுதான். இன்றுவரை பேசவில்லை, இந்த ரமலானுக்கு நம் வீட்டுக்கு நோன்புக் கஞ்சியும் வரவில்லை. வராததுதான் சரி.

மறுநாள் காலையிலேயே மேனேஜரிடம் வேறு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் வேலையை எடுத்துவிட்டார்கள், இப்போது பேக்கிங்கில் உட்கார்ந்து நூல் நறுக்குகிறேன். தவ்ஃபீக் மேல் போட்ட குற்றத்தை நீக்கி, கம்பெனி வேலையில் நடந்த விபத்து என்று பதிந்துவிட்டார்கள், வைத்தியச் செலவையும் அவர்களே பார்க்கிறார்கள். கூரையில் இப்போது கம்பி கட்டி, ஃபைபர் ஷீட்டுக்கெல்லாம் அடியில் வலை போட்டிருக்கிறார்கள். அவன் வாக்கர் பிடித்து வாசல்வரை வருகிறான். கால் கொஞ்சம் சாய்ந்துதான் நடக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை எந்தக் கடிதம் எழுதியும் என்னால் மாற்ற முடியாது.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும், உனக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன். அங்கே யார் அவசரப்படுத்தினாலும், உன்னைப் பெற்ற தாயே வந்து அவசரப்படுத்தினாலும், பத்து நிமிஷம் காத்திரு. நேரத்துக்குச் சாப்பிடு. நீ ஏறும்போதும் இறங்கும்போதும் கர்த்தர் உன் கையை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, என்னைத் திட்ட அப்புறம் நேரமிருக்கிறது. முதலில் தவ்ஃபீக்குக்குப் போடு. வாசலில் பார்த்தபோது போனைக் காட்டினான், நீ அனுப்பிய அந்த மெசேஜை அவன் இன்னும் அழிக்கவில்லை.

உன் அம்மா
ஹெலன்